நண்பகல் நோன்புக் கஞ்சி

எங்கள் பள்ளிக்கூடத்தில் விழா என்றால் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. இந்த நடுநிலைப் பள்ளிக்குச் சமூக அறிவியல் ஆசிரியையாக வந்த முதல் ஆண்டில், சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கப் போன ஆசிரியர் கொடியை மட்டும் இஸ்திரி போட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "தள்ளுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் ஜாதக விசேஷம். அன்று எடுத்த பொறுப்பு இன்றுவரை என் தலையில்தான் இருக்கிறது. பொய் சொல்லுவானேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

சங்கரன்கோவிலில் பண்டிகைக்குக் குறைவில்லை. ஆடித் தபசுக்கு ஊரே வெளியே வந்துவிடும், பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. அதற்கு முந்தின வாரமே பிள்ளைகளில் பாதிப் பேர் கோயிலை நூறு தரத்துக்கு மேல் ஆடிச்சுற்று சுற்றிவிட்டு வந்து, வகுப்பில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சரஸ்வதி பூசைக்குப் பொரிகடலை. டிசம்பரில் வராந்தாவில் நட்சத்திரம் கட்டி, கேக் வெட்டுவோம். தை பிறக்குமுன் சமத்துவப் பொங்கல். மைதானத்தில் மூன்று பானை வைத்து, எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்குவோம். யார் வீட்டு அரிசி எந்தப் பானையில் என்று கேட்கக் கூடாது என்பது என் சட்டம். ஒரு முறை ஒரு பையனின் தகப்பனார் கேட்டார். நான் சொன்ன பதிலை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

அப்படி ஒரு பொங்கலன்றுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் இருந்த நாலே நாலு முஸ்லிம் பிள்ளைகளில் ஒருத்தி. தகப்பனார் சவுதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். கடையநல்லூரிலிருந்து இங்கே வாடகைக்கு வந்த குடும்பம், தாயார் வீட்டில் நைட்டி தைத்துக் கொடுப்பவர். அவள் மூன்றாவது பானைக்கு முன் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு வடிந்து, பால் பொங்கி வழிந்தபோது மைதானத்திலேயே பெரிய குரல் அவளுடையதாக இருந்தது. இவள் நம் பண்டிகைக்கு இத்தனை ஆசையாக வருகிறாளே, இவள் பண்டிகைக்கு நாம் என்றைக்காவது போனோமா என்று தோன்றியது.

எண்ணம் சரிதான். இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். எண்ணம் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தொரு வயதாக வேண்டியிருந்தது.

அந்த வருடம் ரமலான் மாதம் வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் வந்தது. நோட்டு திருத்தும்போது அவளுடைய கடைசிப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள் போட்டிருப்பதைப் பார்த்தேன். முப்பது கட்டம். முதல் சிலவற்றைப் பென்சிலால் கறுப்பாக்கியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நோன்பு டீச்சர். இந்த வருஷம் முப்பதும் வைக்கப் போறேன்."

"போன வருஷம்?"

"பன்னெண்டுதான். பாதியில காய்ச்சல் வந்துட்டு. இந்த வருஷம் ஒண்ணு விட மாட்டேன். வாப்பாட்ட போன்ல சொல்லிட்டேன்."

அவள் வயதுக்கு அது கட்டாயமில்லை. பெரியவளான பிறகுதான் நோன்பு கடமை. வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டது. நான் சிவப்பு மையால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று பின்னால் நான் யாரிடமும் சொல்ல முடியாது.

நோன்பு பாதியைத் தாண்டியபோது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் செய்த காரியத்துக்குப் போட்டோ இல்லையென்றால் அந்தக் காரியம் நடக்கவே இல்லை என்று நம்புகிறவர்.

"வியாழக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வாராவ டீச்சர். ரம்ஜான் மாசமாச்சே, சமத்துவப் பொங்கல் மாதிரி ஏதாச்சும் செய்யலாமா?"

அவர் வாயை மூடுமுன் "நோன்புக் கஞ்சி" என்று சொன்னேன்.

அன்று மாலையே அந்தப் பெண்ணின் தாயாருக்குப் போன் போட்டேன். பிள்ளைகள் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சித் தர முடியுமா, அரிசியும் பருப்பும் தேங்காயும் பள்ளிக்கூடத்துச் செலவு, கறி போடாமல் சைவமாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் குடிப்பார்கள் என்று ஒரே மூச்சில் அடுக்கினேன். அந்தப் பக்கம் சந்தோஷப்பட்ட குரல் கேட்டது. பிறகுதான் நேரத்தைச் சொன்னேன்.

"மத்தியானமா டீச்சர்?"

"ஸ்கூல் நாலு மணிக்கு விட்டுருமே. அதுக்குப் பெறகு பிள்ளைய இருக்காதுல்லா."

கொஞ்ச நேரம் தையல் மிஷின் ஓடுவது மட்டும் கேட்டது. "சரி டீச்சர். பிள்ளையளுக்குத்தானே, கொண்டு வாரேன்" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்னவெல்லாம் சொல்ல நினைத்து விழுங்கினார் என்று நான் யோசிக்கவில்லை. டீச்சர் கேட்டால் எங்கள் ஊர்த் தாய்மார் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் பாதி வேலைகளை நடத்துகிறோம்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆட்டோவில் பெரிய அலுமினியப் பானை வந்து இறங்கியது. மூடியைத் திறந்ததும் இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் மணத்தது. வகுப்புக்குள் இருந்த பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். தாயார் பானையை இறக்கிக் கொடுத்துவிட்டு, தைக்க வேண்டிய துணி கிடக்கிறது என்று போய்விட்டார். ஊற்றிக் கொடுக்க யார்? அதையும் நானே முடிவு செய்தேன். "உன் பண்டிகைட்டி, நீதான் ஊத்தணும்" என்று கரண்டியை அந்தப் பெண் கையில் கொடுத்தேன்.

மற்ற மூன்று முஸ்லிம் பிள்ளைகளில் இரண்டு பேர் ஒன்றாம் வகுப்பு, நோன்பு இல்லை, சந்தோஷமாகக் குடித்தார்கள். எட்டாம் வகுப்புப் பையன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டான். அவன் புத்திசாலி.

ஒரு மணி நேரம் அவள் ஊற்றினாள். உச்சி வெயில். மூன்றாவது முறை வந்து நின்ற பையன்களையும் அவள் விரட்டவில்லை. ஆசிரியர்களும் குடித்தோம். பக்கத்து வகுப்பு டீச்சர், "ருசி நல்லாருக்கு, உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நோன்பிருக்கும் தாயார் வாயில் விட்டு உப்புப் பார்க்காமல் கைக்கணக்கில் அத்தனை பேருக்குக் காய்ச்சியிருக்கிறார் என்பது அப்போது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அலுவலர் கிளம்பும் நேரம் வந்தது. தலைமையாசிரியர் எல்லாரையும் வராந்தாப் படியில் நிறுத்தினார். அலுவலர் நடுவில், சுற்றிப் பிள்ளைகள், எல்லார் கையிலும் டம்ளர். தலைமையாசிரியரே செல்போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பிள்ளை கையில டம்ளர் இல்லையே டீச்சர். எல்லாரும் குடிக்காவ, பண்டிகைக்காரப் பிள்ளை சும்மா நிக்குது. பாக்க நல்லாவா இருக்கு?"

யாரோ அவள் கையில் ஒரு டம்ளரைத் திணித்தார்கள். அவள் அதை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள். "குடிக்க மாதிரி இல்லையே" என்றார் அவர். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நான் நோன்பு" என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நோன்புக் கஞ்சிதானட்டி? நோன்புக்குன்னே உள்ளதுதானே. ஒரு வாய் குடி, ஒண்ணும் ஆகாது."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிறகு எத்தனையோ முறை தோண்டிப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு விரதங்களிலிருந்துதான் வந்தது. எங்கள் விரதம் இடம் கொடுக்கிற விரதம். சோறுதான் ஆகாது, இட்லி ஆகும், பால் ஆகும், பழம் ஆகும், காபிக்கு என்றைக்குமே தோஷமில்லை. கஞ்சியும் நீராகாரம்தானே என்று என் நாக்கு தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. அதிலும் சின்னப் பிள்ளையின் நோன்பு. பிள்ளைகள் விரதம் என்று சொல்லிவிட்டு அடுக்களையில் முறுக்கு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆனால் இதெல்லாம் பாதி உண்மை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, பொழுது சாய்கிற வரை எச்சிலைக்கூட விழுங்காமல் கடையில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுக்கும் மனிதர்களை ரமலானுக்கு ரமலான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்ததைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தேன். ஒரு போட்டோவுக்காக.

ஒரு வாய்தான் குடிக்கச் சொன்னேன். அவள் டம்ளர் முழுவதையும் குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. முறிந்தது முறிந்ததுதான் என்று குடித்தாளோ, பசியில் குடித்தாளோ, இன்றும் எனக்குத் தெரியாது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவள் டம்ளர்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கழுவினாள். அவளை யாரும் கழுவச் சொல்லவில்லை.

மறுநாள் பானையை எடுக்கத் தாயார் வந்தார். மகளும் பின்னாலேயே வந்து நின்றாள். இரவு முழுக்க என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாத்தியளா டீச்சர் இவ செஞ்ச வேலையை! ஊத்திக் குடுத்த ஞாபகத்துல மறந்து ஒரு டம்ளர் குடிச்சிட்டாளாம். வீட்டுல வந்து ஒரே அழுகை. மறதியா குடிச்சா நோன்பு முறியாதுட்டி, அது அல்லாவே உனக்கு ஊட்டுனதுன்னு சொன்னேன். அப்புறந்தான் அடங்குனா."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் பானையின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த கஞ்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இல்லம்மா, மறக்கல, நான்தான் குடிக்கச் சொன்னேன்" என்று ஒரே ஒரு வரி. வகுப்பில் காந்தியைப் பற்றியும் வாய்மையைப் பற்றியும் தொண்டை கிழியப் பேசுகிறவள் நான். சொன்னது இதுதான்: "அப்படியா? நல்லதாப் போச்சு."

நல்லதாப் போச்சு! ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். பதினோரு வயதுப் பிள்ளை எனக்குக் குடை பிடித்தாள், நான் கூச்சமில்லாமல் உள்ளே புகுந்து நின்றுகொண்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "முப்பதும் வச்சியா?" என்று கேட்டார்கள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாக எழுதினேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஆண்டுத் தேர்வு வந்தது, கோடை விடுமுறை வந்தது. போட்டோவை லேமினேட் செய்து அலுவலக அறையில் மாட்டினார்கள். அலுவலர் அதைப் பற்றி மற்ற பள்ளிகளில் எல்லாம் சொல்கிறார் என்று தலைமையாசிரியர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆனால் கழற்றச் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிய ஆண்டுக்கான விழாப் பட்டியலை நானே எழுதினேன். ஆடித் தபசு, சுதந்திர தினம், சரஸ்வதி பூசை, கிறிஸ்துமஸ், பொங்கல். கடைசியில், ரமலான் மாதத்துக்கு நேராக, 'நோன்புக் கஞ்சி - மதியம்' என்று எழுதினேன்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள். சாரல் காற்று ஊருக்குள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மதியச் சத்துணவு முடிந்து ஏழாம் வகுப்புக்குப் போனேன். அவள் இப்போது ஏழாம் வகுப்பு. இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவளைக் கைகாட்டிச் சொன்னாள்.

"டீச்சர், அவ முட்டையை எனக்குத் தாரேன்னு சொன்னா. இவ பிடுங்கித் தின்னுட்டா."

"அவளுக்கு என்ன, அவ தின்னலையா?"

"முட்டையை மட்டுந்தான் வாங்குனா, சோறே வாங்கல டீச்சர்."

அவளைக் கூப்பிட்டேன். உதடு காய்ந்திருந்தது. வயிற்று வலி என்றாள். மாலை மணி அடித்தபின் இருக்கச் சொல்லி, மற்றவர்கள் போனதும் மறுபடியும் கேட்டேன்.

"களா நோன்பு டீச்சர்" என்றாள். விட்டுப்போன நோன்பைப் பிறகு ஒரு நாள் வைத்து ஈடு செய்வதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். எனக்குத் தெரியும்.

"எதுக்கு?"

"அன்னைக்கு உள்ளதுக்கு."

எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பிள்ளைகள் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். "உங்க உம்மாட்ட மறந்து குடிச்சேன்னு சொன்னியே மக்கா."

"மறக்கலையே டீச்சர்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை தப்பாக இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"பெறகு எதுக்கு அப்படிச் சொன்ன?"

"உம்மா வந்து சத்தம் போடும். எல்லாரும் உங்கள ஏசுவாவ."

மெதுமெதுவாகத்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. விடுமுறையில் இரண்டு முறை வைக்கப் பார்த்தாளாம். வீட்டில் இருந்தால் உம்மா காலையிலேயே தட்டில் தோசையைப் போட்டுவிடும், முடியவில்லை. அதனால் பள்ளிக்கூடம் உள்ள நாளாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். காலை இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போய்ச் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மாலையில் குர்ஆன் ஓதப் போகிற இடத்திலேயே, பொழுது அடைந்ததும் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள், அங்கே தண்ணீர் குடித்து நோன்பைத் திறந்துவிடலாம்.

"விடியுறதுக்கு முன்ன சஹருக்கு எந்திரிச்சியா?"

"எந்திரிச்சா உம்மாவுக்குத் தெரிஞ்சிரும்லா. ராத்திரி தின்ன சோறுதான்."

முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை. மறுநாள் மாலை நாலேகால் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி. அவளுக்குக் கடமையே ஆகாத ஒரு நோன்புக்காக. நான் அழுதேன். ஒரு டீச்சர் அழுவதைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

"வா, உங்க உம்மாவைப் பாக்கப் போவோம்" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். பொய் சொன்னேன்னு தெரிஞ்சா உம்மா என்னை நம்பவே நம்பாது."

"உன் பொய்யைச் சொல்ல வரலட்டி. என் தப்பைச் சொல்ல வாரேன்."

இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. விசைத்தறிகள் ஓடும் தெருவைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போகிறவரை, திரும்பிப் போய்விடலாமா என்று என் மனசு பத்து முறை கேட்டது. பேசாமல் இருந்தால் இருவருக்கும் நல்லது, பிள்ளைக்கு ஏன் சங்கடம் என்று அது என்னிடமே நல்ல பிள்ளையாக வாதாடியது. மார்ச் மாதம் தாயார் பானையை எடுக்க வந்த அன்றும் இதே வக்கீல்தான் வாதாடினான். இந்த முறை நான் நடையை நிறுத்தவில்லை.

தாயார் மிஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்ன டீச்சர், இவ்வளவு தூரம் வந்திருக்கிய? பிள்ளை ஏதும் செஞ்சிட்டாளா?"

"பிள்ளை ஒண்ணும் செய்யலம்மா. நான்தான்."

நாற்காலியில் உட்காரவைத்தார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். போட்டோ, ஜீப், 'டீச்சர், நான் நோன்பு' என்று அவள் சொன்னது, அதற்கு நான் சொன்னது, மறுநாள் அவர் சிரித்துக்கொண்டு வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. எனக்காகத்தான் அவள் மறந்துவிட்டேன் என்று சொன்னாள், அதற்குத்தான் இன்று யாருக்கும் தெரியாமல் களா வைத்திருக்கிறாள் என்றேன். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கதவோரம் புத்தகப் பையை இறக்காமல் நின்ற மகளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப சஹருக்கு என்னத்தட்டி சாப்பிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணும் சாப்பிடலியா? ராத்திரியும் பாதிச் சோத்தை வச்சிட்டுல்லா எந்திரிச்ச." அவர் குரல் உடைந்துவிட்டது. "வெறும் வயித்தோடயாட்டி இந்தக் காத்துல நடந்து போயிட்டு வந்த?"

நான் ஒரு நோன்புக்கு மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அவர் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை. பிள்ளை பசித்திருந்தது என்பதைத் தாண்டி அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீரும், ஒரு தட்டில் காலையில் மிஞ்சிய இட்லியும் கொண்டுவந்தார். அவள் முன்னால் வைத்தார்.

"போதும் மக்கா. உனக்கு இன்னும் கடமையே ஆகல, களாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அல்லா ஏத்துக்கிடுவான். குடி."

அவள் தலையை ஆட்டினாள். "இன்னும் கொஞ்ச நேரந்தானே உம்மா."

"ஒண்ணரை மணி நேரம் இருக்குட்டி. மூஞ்சியைப் பாரு, எப்படி வாடிப் போயிருக்கு. நான் சொல்லுதேன்லா, குடி."

"வைக்கேன் உம்மா. இதை விட மாட்டேன்."

அவர் சொம்பைக் கையில் எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பிறகுதான் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, வழி தெரியாத ஒரு தாயின் பதற்றம்தான் இருந்தது.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கா டீச்சர். நீங்க சொன்னா குடிச்சிருவா. நீங்க சொல்லுங்க."

அவர் குத்திக் காட்டவில்லை. கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். டீச்சர் சொன்னால் பிள்ளை கேட்கும் என்ற நம்பிக்கையில், பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கினால் போதும் என்ற ஆசையில் கேட்டார்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதடு இறுகியேதான் இருந்தது, கண் மட்டும் கலங்கிவிட்டது. நான் சொன்னால் இப்போதும் குடித்துவிடுவாள் என்று அந்தக் கண்ணில் தெரிந்தது. சொல்லிவிடாதீர்கள் என்று கேட்பதும் தெரிந்தது.

"நான் சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

தாயார் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, மகளின் தோளிலிருந்து பையை இறக்கினார். மூன்று பேரும் பாங்குச் சத்தம் கேட்கிற வரைக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம்.